பிரேக் பேடுக்கு வைத்த பொட்டு

பெயர்: பெரியநாயகி. வயது: 33. கணவர் பெயர்: முனிசாமி. தொழில்: வீட்டு வேலை, கணவரின் மெக்கானிக் கடையில் உதவி. முகவரி: 14, தேரடிப் பின்சந்து, சின்ன காஞ்சிபுரம். 07.10.2003 செவ்வாய்க்கிழமை பகல் 11.30 மணிக்கு இவர் தானாகவே நிலையத்துக்கு வந்து சொல்ல, சொன்னபடி எழுதப்பட்டது.

நான் மேலே கண்ட முகவரியில் என் கணவருடனும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் துர்காவுடனும் குடியிருந்து வருகிறேன். என் பிறந்த வீடு பெரிய காஞ்சிபுரத்தில் உள்ளது. அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் கணவர் வீட்டின் முன்பக்கத்திலேயே ஜீப், வேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஆள் கிடையாது, நான்தான் ஆள். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பேன். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது சீட்டில் உட்கார்ந்து, அவர் 'மிதி' என்றால் மிதிப்பேன், 'புடி' என்றால் காலை எடுக்காமல் பிடித்திருப்பேன். 'உன் காலு மாரி ஒருத்தன் காலும் வராது' என்று அவர் சொல்வார். இதைச் சொன்னபோது எழுதுகிற ஏட்டய்யா சிரித்தார். சிரிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

03.10.2003 வெள்ளிக்கிழமை காலை தாமல் கிராமம் சீனிவாசன் என்பவருடைய ஜீப்பை அவருடைய டிரைவர் விமல்ராஜ், வயது 24, எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். முன் சக்கரத்தில் பிரேக் அடித்தால் கிரீச்சென்று சத்தம் வருவதாகச் சொன்னார். என் கணவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் பேட் தேய்ந்து இரும்பு இரும்பை உரசிக்கொண்டிருந்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பேட். அந்த ஜீப் நாள் முழுக்க ஏரிக்கரையிலும் சேற்று வயலிலும் ஓடுகிற வண்டி என்பதால் மண் புகுந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறை சேற்றிலிருந்து ஏறியதும் சக்கரத்துக்கு உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும் என்று என் கணவர் எல்லா டிரைவருக்கும் சொல்வார். சொன்னதைச் செய்தது விமல்ராஜ் ஒருவர்தான். என்னை 'அக்கா' என்று கூப்பிடுவார்.

அதன் பிறகு என் கணவர் மெட்ராஸ் போய் நான்கு புது பேட் வாங்கிக்கொண்டு 04.10.2003 சனிக்கிழமை மத்தியானம் வந்தார். அன்று ஆயுத பூஜை. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பதால் மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்று இருக்க எண்ணெய் தடவி வரிசையாக வைத்தேன். அதன் பிறகு புது பேடுகளையும் பூஜையில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மனிதர்கள் ஏறிப் போகிற வண்டியின் பிரேக் ஆயிற்றே என்று தோன்றியது. டப்பாவோடு வைத்தால் பூஜை உள்ளே போகாது என்று டப்பாவைப் பிரித்து நான்கையும் வெளியே எடுத்தேன். நான்குக்கும் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவினேன். மற்ற சாமானுக்குத் தடவியதைவிட நிதானமாகத் தடவினேன். நன்றாக ஊறட்டும் என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்தனம் குங்குமம் வைத்தேன்.

ஏன் எண்ணெய் தடவினாய் என்று உதவி ஆய்வாளர் ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் அப்பா வீட்டில் ஆயுத பூஜைக்குத் தறியில் ஓடுகிற நாடாவுக்கு நான்தான் எண்ணெய் தடவுவேன். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், சிக்கினால் புடவை போச்சு. எந்தச் சாமானாக இருந்தாலும் எண்ணெய் போட்டால் நல்லது என்று சின்ன வயதிலிருந்து கைக்குப் பழக்கம். பிரேக் வழுக்கக் கூடாத சாமான் என்று கை நினைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் பேடைப் பற்றி இதை மட்டும் என் கணவர் எனக்குச் சொல்லும்படி ஆகவில்லை, ஏனென்றால் பேடை டப்பாவிலிருந்து எடுப்பதும் மாட்டுவதும் எப்போதும் அவரே.

05.10.2003 ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி அன்று காலை ஆறரை மணிக்கு, கடையில் விட்டிருந்த ஜீப்பை எடுக்க விமல்ராஜ் வந்துவிட்டார். பேட் எங்கே என்று என் கணவர் கேட்டார். நான் பூஜையிலிருந்து எடுத்து, சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் ஜீப்புக்கு அடியில் இருந்தபடியே கையை மட்டும் நீட்டி வாங்கினார். திருப்பிப் பார்க்கவில்லை. நான் கொடுக்கிற சாமானை அவர் எந்த நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. மாட்டி முடித்ததும் என்னை சீட்டில் உட்கார்ந்து மிதிக்கச் சொன்னார். நாலைந்து மிதியில் பெடல் கெட்டியாக நின்றது. 'நிக்குது' என்று சொன்னேன்.

அதன் பிறகு விமல்ராஜ் வண்டியை எடுத்துத் தெருவில் ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினார். நான் அவருக்குப் பொரி, சுண்டல் எடுக்க உள்ளே போயிருந்தேன். அவர் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. 'அண்ணே, பிரேக்கு லேசா வழுக்குற மாரி இருக்குதுபா' என்றார். அதற்கு என் கணவர், 'புது பேடுபா, தட்டோட செட் ஆவணும். ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்னா கடிக்கும். அது வரிக்கும் மெதுவா போ' என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எந்தப் புது பேடும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும். எண்ணெய் விஷயம் அவருக்குத் தெரியாது.

'வழுக்குது' என்று காதில் விழுந்தவுடன் எனக்கு நாடா ஞாபகம் வந்தது. கையில் பொரித் தட்டு இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நிச்சயமாக விளங்கியதா என்று உதவி ஆய்வாளர் ஐயா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்று சொன்னேன். தட்டோடு வெளியே வந்தேன். விமல்ராஜ் ஒரு கை பொரியை அள்ளி வாயிலும் இன்னொரு கை சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டு, 'வரேன்கா' என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டார்.

தெருக்கோடியில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவை அடைத்து நூலை இழுத்துக் கட்டியிருந்தால், அவர்கள் சுருட்டி எடுக்கும் வரை வண்டி போக முடியாது. ஜீப் அங்கே நின்றது. எங்கள் வாசலிலிருந்து நூறு அடி கூட இருக்காது. நான் தெருவில் இறங்கிக் கூப்பிட வாயைத் திறந்தேன். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அதுவும் விஜயதசமி, பூஜை போட்டு எடுத்த முதல் வண்டி, டிரைவர் சின்னப் பிள்ளை. நான் கூப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன். என் கணவர் என்னைத் திட்டுகிறவர் இல்லை. முதல் தடவையாகத் திட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. 'இன்னா அங்க நின்னுக்கினு இருக்கிற' என்று அவர் கேட்டார். 'ஒண்ணுமில்ல' என்று சொன்னேன். சாயங்காலம் வண்டி திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், மெதுவாகத்தானே போகச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். பாவு எடுக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் நான் தெருவில்தான் நின்றேன்.

அன்று பதினோரு மணிக்குப் பக்கத்துக் கடைக்கு போன் வந்தது. தாமல் ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் ஜீப் நிற்காமல் ஓடி, மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்துவிட்டது என்று சொன்னார்கள். நானும் என் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விமல்ராஜ் வழியிலேயே இறந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தவர்களில் மடை திறந்துவிடுகிற கலியன் என்ற பெரியவர் இருந்தார். அவர் என் கணவரிடம், 'பிரேக்க மிதிச்சிக்கினேதான் வந்தான்பா. நாங்க எடுக்கச்சொல்லோ கூட காலு அதும்மேலதான் இருந்திச்சி' என்றார். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு விமல்ராஜின் அம்மா பூவம்மாளை அழைத்து வந்தார்கள். அந்த அம்மா அழவில்லை. மகன் சட்டைப் பையில் பொரி இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொரி யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, 'எம்புள்ள வெறும் வயித்தோட போவல. நீ நல்லா இருக்கணும்மா' என்றார். கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மா பிடித்தது எண்ணெய் தடவிய கையை. அன்றிலிருந்து இந்தக் கையால் என் மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. செத்துப்போகலாம் என்று நேற்றும் நினைத்தேன். ஆனால் நான் செத்தால் இதைச் சொல்ல ஆள் இல்லை.

06.10.2003 திங்கட்கிழமை காலை மோட்டார் வாகன ஆய்வாளர் எங்கள் இருவர் முன்னிலையிலும் ஜீப்பின் முன் சக்கரங்களைக் கழற்றினார். நான்கு பேடிலும் எண்ணெய் ஏறியிருந்தது. ஒரு பேடின் ஓரத்தில் இரும்பு இடுக்கில் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். அதன் பிறகு ஆய்வாளரிடம் திரும்பி, 'என் கை எண்ணெதான் சார். தொடைக்காம மாட்டிட்டேன்' என்றார். அதையே அவர் இந்த நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அறிகிறேன். அது பொய். வேலை செய்யும்போது அவர் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பேடைத் தொடும் முன் மண் போட்டுக் கை கழுவுகிறவர் அவர்.

நேற்று மாலை லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, நான் சொல்லிவிடப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். 'நீ ஒண்ணும் பேசாத. உனுக்கு இன்னா தெரியும் பேடப் பத்தி. தெரியாம சாமிக்கு வச்ச. அதுக்கு உள்ள போவியா? பாப்பாவ பாத்துக்கோ' என்றார். தெரியாமல் செய்தவள் என்று நினைத்துத்தான் அவர் பழியை எடுத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் நான் நின்ற ஐந்து நிமிடம் அவருக்குத் தெரியாது. அவர் கேட்டபோது ஒண்ணுமில்லை என்று சொன்னவள் நான். அதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன். மகளை என் அக்கா கங்கையம்மாள் வீட்டில் விட்டுவிட்டு இன்று இங்கே வந்தேன்.

ஏற்கெனவே ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேரும் உள்ளே போனால் பெண் குழந்தையை யார் பார்ப்பது, வீட்டுக்குப் போம்மா என்று உதவி ஆய்வாளர் ஐயா நல்ல மனதோடு சொன்னார். இரண்டு பேர் உள்ளே போக வேண்டாம், அவரை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது கோர்ட்டு முடிவு செய்ய வேண்டியது என்றார். அப்படியானால் கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் நான் சொன்னதும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். தெருவில் ஜீப் நின்ற இடத்தில், 'விவரம் அறியாமல் கூப்பிடாமல் இருந்துவிட்டேன்' என்று ஏட்டய்யா எழுதியிருந்தார். அந்தச் சொல் இருந்தால் உனக்கு நல்லதம்மா என்றார். அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

இதை என் கணவருக்கும் படித்துக் காட்டுவோம் என்று சொன்னார்கள். சரி என்றேன். படிக்கும்போது என்னை வெளியே அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) மு. பெரியநாயகி
07.10.2003