படத்தில் வெட்டப்பட்ட கொலைகாரி

என் பெயர் பாண்டித்துரை, வயது நாற்பத்தொன்று, சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் கல்லல். ஷார்ஜா ரோலாவில் பேச்சிலர் அறையில் தங்கி லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். நான் சொல்வதைக் காவல் நிலைய மொழிபெயர்ப்பாளர் செய்கு முகம்மது எழுதிக்கொள்கிறார்.

சென்ற விடுமுறையன்று அறைவாசிகள் ராக்கப்பன், இலங்கைத் தமிழரான துவாரகன் இருவருடன் 'பால்கனிப் பெண்' படத்துக்குப் போனேன். பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படங்களுக்குச் செலுத்தும் மரியாதை என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. மரியாதை பெரும்பாலும் கட்டிலில் நடப்பதால் இங்கே தணிக்கையில் வெட்டியிருந்தார்கள். கதாநாயகி விளக்கை அணைப்பாள், உடனே ஆம்புலன்சில் பிணம் ஏற்றுவார்கள். படம் முடிந்தும் கொன்றது யாரென்று தெரியவில்லை.

அதன் பிறகு அறைக்கு வந்ததும் நான் மாடிப்படியில் நின்று மனைவி ஜோதிமணிக்கு போன் செய்தேன். மதுரையில் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் அதை முழுதாகப் பார்த்திருந்தாள். சிரித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அதன் பிறகு உள்ளே போனேன். கொன்றது டாக்டர்தான் என்றார் ராக்கப்பன். துவாரகன், "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை, அந்தாள் கண்ணாடி இல்லாட்டி சுவரில முட்டுற ஆள்" என்றார். ராக்கப்பன் கரண்டியை ஓங்கினார். சண்டையை நிறுத்த நான், "டாக்டர் பொண்டாட்டிதான்யா கொன்னது! கட்டில்ல வச்சு அவ தலையில இருந்த விக்கு கழண்டு விழுதுல்ல!" என்றேன்.

அதற்குள் சத்தம் கேட்டுக் காவலர்கள் வந்துவிட்டார்கள். படத்தின் முடிவை நான் சொல்லிவிட்டதால் சண்டை தீர்ந்தது என்று துவாரகன் அவர்களுக்கு இந்தியில் விளக்கினார்.

அதன் பிறகு மூவரையும் கூட்டிப்போன நிலையத்தில் அதிகாரி என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்தவர். இங்கே காட்டாத காட்சி உனக்கு எப்படித் தெரியும், வெட்டாத பிரதி வைத்திருந்தால் விசா ரத்தாகும் என்றார். என் போனை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை, அழித்திருப்பாய் என்றார். மனைவி சொன்னாள் என்றேன். ஸ்பீக்கரில் கூப்பிடு என்றார்.

"ஜோதி, அந்தப் படக் கதை சொன்னியே, அத சார்ட்ட சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. "என்ன படம்டி?" என்று என் மாமியார் கேட்டார்.

"அந்தக் கருமத்தையெல்லாம் நான் ஏங்க பாக்குறேன்? நீங்க அங்க இதத்தான் பாத்துக்கிட்டு கெடக்கீங்களா?" என்று சொல்லி ஜோதிமணி போனை வைத்துவிட்டாள்.

அதிகாரி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். செய்கு முகம்மது என்னைப் பார்த்துவிட்டு, பிறகு அவள் சொன்னதை அரபியில் சொன்னார்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. என் மனைவி தன் அம்மா பக்கத்தில் இருக்க ஸ்பீக்கரில் சொன்னது தவிர மற்ற யாவும் உண்மை. அவள் சொன்னதும் உண்மை என்றே ஊரில் தெரியவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) பாண்டித்துரை