கட்டின புருஷன் டர்பைன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். ஒரே ஆலையில் அவன் டர்பைன் ஓட்டுகிறான், அவள் பாய்லர் தண்ணீரைச் சோதிக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கட்டின புருஷன் ஓட்டுற டர்பைனையே நேத்து நிறுத்த வச்சிட்டியேடி!”

“தண்ணியில மணல்சத்து ஜாஸ்தி மாமா. நீராவியோட போயி டர்பைன் பிளேடுல கண்ணாடியாட்டம் ஒட்டிக்கும். அப்புறம் நீங்கதான் ஒக்காந்து சுரண்டணும்.”

“மேனேஜர் என்னையில்ல காய்ச்சுனாரு! புருஷன்னு கொஞ்சம் பாக்கக் கூடாதா?”

“பாத்ததாலதான் மொதல்ல உங்களுக்குப் போன் பண்ணேன். வேற ஆளுன்னா நேரா அவருகிட்டயே போயிருப்பேன்.”

புதுச்சத்திரம் தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“இப்ப சரியாயிடுச்சாமா?”

“கெட்ட தண்ணிய வடிச்சி விட்டுட்டாங்களாம். பாய்லர் சுத்தம், இன்னிக்கி ஓட்டலாம். உங்களுக்குள்ளதான் கொஞ்சம் கெடக்கு. ஆலைக்குள்ள போறதுக்குள்ள அதையும் வடிச்சி விட்டுடுங்க.”