மாரிக்கனிக்குப் பிடித்த புத்தகம்

பொன்மணி: இது வேண்டாந் தாயி. பிள்ளைக்குப் பிடிக்கல.

வேல்விழி: போன ஞாயித்துக்கெளம அம்புட்டு ஆசையா எடுத்துட்டுப் போனீகளேக்கா? குதிரைப் படம்லாம் போட்டு...

பொன்மணி: படம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு ஊரையே கொளுத்திப்புடுறான் அந்த ராசா.

வேல்விழி: கதைலதான...

பொன்மணி: கதைன்னாலும் தீ வந்தா ஆகாது எம் மகளுக்கு. வேற எடுத்துக் குடு. வெரசாக் கெளம்பணும்.

வேல்விழி: இன்னைக்கு உங்களை வெரசா விடுறதா இல்ல. இப்பிடி உக்காருங்க. பேப்பர் படிக்க வாற பெருசுகளை விட்டா இந்த லைப்ரரிக்குன்னு இருக்க ஒரே ஆளு நீங்கதான்.

பொன்மணி: அடி ஆத்தி! நான் என்ன தப்புப் பண்ணுனேன்? புத்தகத்துல எண்ணெ கிண்ணெ பட்டிருச்சா?

வேல்விழி: அதெல்லாம் ஒண்ணுமில்ல. விருதுநகர் பெரிய லைப்ரரில இருந்து கேட்டிருக்காக. பத்துல இருந்து பதிமூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக என்னென்ன புத்தகம் படிக்கலாம்னு நல்லதாப் பாத்து எழுதி அனுப்பணுமாம். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் குடுக்கப் போறாகளாம்.

பொன்மணி: எழுத வேண்டியதான? படிச்ச பிள்ளை நீ.

வேல்விழி: நான் எழுதக் கூடாதாம். படிச்ச பிள்ளைககிட்டயே கேட்டு எழுதணுமாம்.

பொன்மணி: அப்ப பிள்ளைககிட்டக் கேளு.

வேல்விழி: எந்தப் பிள்ளைகிட்டக் கேக்க? வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்ததுல இருந்து ஒண்ணும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. சிறுவர் அலமாரில இருந்து புத்தகம் வெளிய போறது உங்க மக மாரிக்கனி கார்டுல மட்டுந்தான்.

பொன்மணி: ம்...

வேல்விழி: அதான், அவளை ஒருக்கக் கூட்டிட்டு வாங்க. பைய உக்கார வச்சுக் கேட்டு எழுதிக்கிடுறேன்.

பொன்மணி: அவ... இருக்கன்குடிக்குப் போயிருக்காளே.

வேல்விழி: போன வாரமும் இருக்கன்குடின்னுதான் சொன்னீக.

பொன்மணி: நேத்திக்கடன் தாயி.

வேல்விழி: பதினோரு வயசுப் பிள்ளைக்கு வாராவாரம் என்னக்கா நேத்திக்கடன்?

பொன்மணி: ...அவ வந்து என்ன சொல்லப் போறா? என்கிட்டக் கேளு. அவளுக்கு எது பிடிச்சுச்சு, எது பிடிக்கலன்னு எனக்கு அத்துபடி.

வேல்விழி: சரி, சொல்லுங்க. அந்த ஆட்டுப் புத்தகம்?

பொன்மணி: அதத்தான் மொதல்ல எழுது! கூட்ஸ் வண்டில ஏறிப் போன ஆட்டைத் தேடி அண்ணனும் தங்கச்சியும் ஊரு ஊரா அலையுறாகளே... அம்மாடி! முடிஞ்ச மறுநாளு திரும்ப மொதல்ல இருந்து வாசின்னுட்டா.

வேல்விழி: வாசின்னுட்டாளா? அவ வாசிக்க மாட்டாளா?

பொன்மணி: நான் வாசிப்பேன், அவ கேப்பா. நான் ஆறாப்பு வரைக்கும் போனவ. எழுத்துக்கூட்டிதான் வாசிப்பேன்... ஆனா நிறுத்தாம வாசிப்பேன்.

வேல்விழி: கலங்கரை விளக்கத்துல ஒரு பொண்ணு ஒத்தைல இருப்பாளே, அந்தக் கதை?

பொன்மணி: அது சொகமில்ல. பாதிப் பேரு தூங்கிட்டாக.

வேல்விழி: பாதிப் பேரா?

பொன்மணி: பாதிப் பேரு... அதுல உள்ள ஆளுக பேரு பாதி எனக்கு வாயில நுழையலங்கேன். அவளும் தூங்கிட்டா.

வேல்விழி: ஓகோ... சரி. இளவரசன் குயவர் வீட்டுல மண்ணு மிதிக்கிற வேலைக்கு நின்ன கதை?

பொன்மணி: அது நல்ல கதை. அந்தக் கொசவன் மகளைத்தான கடைசில கட்டுறான்? அரமனைக்குக் கூட்டிட்டுப் போன பெறகு மாமியாக்காரி அவளை ஒழுங்கா வச்சிருந்தாளா இல்லையான்னு எழுதாம விட்டுட்டான். அதுக்கு ஒரே சண்டை.

வேல்விழி: மாமியாளைப் பத்தியா? பதினோரு வயசுப் பிள்ளையா?

பொன்மணி: இந்தக் காலத்துப் பிள்ளைக எம்புட்டு வெவரமா இருக்குக!

வேல்விழி: சண்டை யாரு கூட?

பொன்மணி: என் கூடத்தான்.

வேல்விழி: ம்... எழுதிட்டேன். நரி வக்கீலா வருமே, அது?

பொன்மணி: ஐயோ, அதச் சொல்லாத! சிரிச்சு சிரிச்சு வகுறு வலிச்சுப் போச்சு. அந்த நரி பேசுறதும் கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டு நடக்குறதும் அப்பிடியே எங்க போர்மேன் மாதிரியாம். இப்ப அவரைப் பாத்தாலே வாயைப் பொத்திக்கிட்டு ஓடுறாக.

வேல்விழி: எங்க... பட்டாசு ஆபீஸ்லயா?

பொன்மணி: ஆமா, பின்ன...

வேல்விழி: உங்க போர்மேனை மாரிக்கனி எங்கக்கா பாத்தா?

பொன்மணி: அவ ஒரு தடவ... சோறு குடுக்க வந்தப்ப...

வேல்விழி: ஏழாயிரம்பண்ணைக்கிட்ட காட்டுக்குள்ள இருக்க கம்பெனிக்கு ஒத்தைல சோறு கொண்டாந்தாளா? வெளிய ஆளு யாரையும் கேட்டைத் தாண்டி உள்ள விட மாட்டாகளே. நீங்க அவளையும் வேன்ல ஏத்தி வேலைக்குக் கூட்டிட்டுப் போறீகளா என்ன?

பொன்மணி: சீச்சீ! என்ன பேச்சுப் பேசுற நீ? மாரியாத்தா மேல சத்தியமா இல்ல. நான் பெத்த பிள்ளையை அந்த வெடிமருந்துக்குள்ள விடுவனா?

வேல்விழி: அப்ப அவளுக்கு என்ன வயசு?

பொன்மணி: பதினொண்ணுன்னுதான் சொன்னனே.

வேல்விழி: போன தீவாளிக்கும் பதினொண்ணுன்னுதான் சொன்னீக. பெறகு பொங்கலுக்கும் பதினொண்ணு. அவளுக்குப் பெறந்த நாளே வராதா?

பொன்மணி: ...நீ சின்னப் பிள்ளைன்னு நெனச்சேன். போலீசு மாதிரிக் கேக்குற.

வேல்விழி: கோவிச்சுக்கிடாதீக. தண்ணி குடிங்க... இந்தாங்க.

பொன்மணி: உண்மையச் சொன்னா கார்டைப் பிடுங்கிட மாட்டியே?

வேல்விழி: மாட்டேன்.

பொன்மணி: மாரிக்கனிக்கு இருவது முடிஞ்சிருச்சு. கோவில்பட்டில கட்டிக் குடுத்தாச்சு. இப்ப முழுகாம இருக்கா. இந்தக் கார்டு அவ பள்ளிக்கூடத்துல படிக்கையில போட்டது. உனக்கு முன்னால இருந்த சார் வருசா வருசம் புதுப்பிச்சுக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு.

வேல்விழி: அப்ப இம்புட்டுப் புத்தகத்தையும் யாரு கேக்குறா?

பொன்மணி: சிரிக்கக் கூடாது.

வேல்விழி: சிரிக்கல.

பொன்மணி: எங்க வேன்ல வாசிக்கிறேன். கழுதை மாதிரி வயசான பொம்பளைகளுக்கு. பஞ்சம்மாளுக்குப் பேரன் இருக்கான்... அவதான் வேன்ல ஏறுன உடனே 'எங்க விட்டோம்?'னு கேப்பா.

வேல்விழி: இதுல வெக்கப்பட என்ன இருக்கு? பெரியாளுக புத்தகமே எடுத்துட்டுப் போயிருக்கலாமே?

பொன்மணி: எடுத்துப் பாத்தனே! ஒரு நாவலு. நாலு நாளு வாசிச்சும் அதுல ஒருத்தன் சன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். 'எப்பத்தான் எந்திரிப்பான்?'னு கேட்டுட்டாளுக. பிள்ளைக புத்தகம்னா ஏறுன ஒடனே ஏதாவது நடந்துரும். எழுத்தும் பெருசு, குலுங்குற வண்டில வாசிக்கலாம். பெறகு... அந்த வயசுல நாங்க யாரு இதெல்லாம் கேட்டோம்? எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டைல குச்சி அடுக்கிக்கிட்டுல்ல கெடந்தோம்.

வேல்விழி: ...ஆமா.

பொன்மணி: ஆனா அதுக்காக ஆரம்பிக்கல. சொல்லவா?

வேல்விழி: சொல்லுங்க.

பொன்மணி: போன வருசம் ஆடில எங்க கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி வெடிச்சுச்சுல்ல... பேப்பர்லகூடப் போட்டாக.

வேல்விழி: தெரியும்.

பொன்மணி: கொஞ்ச நாளு எங்க கம்பெனியும் அடைச்சிருந்துச்சு. பெறகு சீசன், ஆர்டர் நிக்கிதுன்னு கூப்பிட்டுட்டாக. போகாம என்ன செய்ய? போறோம். அந்த எரிஞ்ச கம்பெனி வாசலைத் தாண்டித்தான் வேன் போகணும். வேற பாதை கெடையாது. அது கிட்ட வரவர ஒருத்தரும் மூச்சுவிட மாட்டோம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு... சில பேரு கண்ணை மூடிக்கிடுவாக. ஒருத்தி வாந்தி எடுத்துருவா.

வேல்விழி: பெறகு?

பொன்மணி: ஒரு நாளு எம் மக பழைய புத்தகம், இங்கன திருப்பிக் குடுக்கணும்னு தூக்குவாளிப் பையில வச்சிருந்தேன். எனக்கே தாங்கல பாத்துக்க. ஏதாவது ஒரு சத்தம் கேட்டாப் போதும்னு இருந்துச்சு. எடுத்து விரிச்சுக் கத்தி வாசிச்சேன். ஏதோ கொரங்குக் கதை. 'ஏட்டி, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு'ன்னா பஞ்சம்மா. பெறகு 'செத்த சத்தமா வாசி, பின்னால கேக்கல'ன்னுட்டா. நிமுந்து பாத்தா எங்க கம்பெனி வந்துருச்சு.

வேல்விழி: அந்த வாசல்?

பொன்மணி: எப்பப் போச்சுன்னே தெரியல.

வேல்விழி: அன்னைல இருந்தா தெனமும் வாசிக்கிறீக?

பொன்மணி: அதுல இருந்துதான். நான் கொஞ்சம் முன்கூட்டியே வாசிச்சுப் பாத்து வச்சுக்கிடுவேன். அந்த வாசல்கிட்டப் போகையில கதைல நல்ல கட்டம் வரணும். ஆடு கெணத்துக்குள்ள விழணும், இல்ல நரி மாட்டணும். முன்னப்பின்ன வந்தா, மெதுவா வாசிச்சோ வெரசா வாசிச்சோ சரிக்கட்டிருவேன். தீ வந்தா முழுங்கிருவேன். இந்த ராசா கதைல ஊரே எரியுது, எத்தனை பக்கத்தைன்னு முழுங்க?

வேல்விழி: அதான் வேண்டாம்னீக.

பொன்மணி: ஆமா. எனக்குக்கூடப் பரவால்ல. ஒருத்தி இருக்கா... அவளுக்காகத்தான். அந்த வெடிச்ச கம்பெனில வேலை பாத்தவ. அதுக்கு சீலு வச்சுட்டாக, எங்க கம்பெனிக்கு வந்துட்டா. பைபாஸ் விலக்குல ஏறுவா. கூடப் பெறந்த தங்கச்சி அதுலதான் போயிருச்சாம். பக்கத்து ரூமு.

வேல்விழி: உங்ககிட்டச் சொன்னாகளா?

பொன்மணி: எங்க சொல்ல? வேற யாரோ சொன்னாக. அவ வாயே தெறக்க மாட்டா. முக்காட்டைப் போட்டுக்கிட்டு கடைசி சீட்டுல உக்காந்துருவா. வீடு எங்க, பிள்ளை குட்டி இருக்கா, ஒண்ணும் தெரியாது. கேட்டாலும் அப்பிடியே பாப்பா. நாங்களும் விட்டுட்டோம். ஆட்டுக் கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிருச்சு, வாசிக்கல. வேன் சத்தத்துக்குள்ள பின்னால இருந்து ஒரு கொரலு... 'ஆடு கெடைச்சுச்சா?'ன்னு.

வேல்விழி: அவுகளா கேட்டாக?

பொன்மணி: எல்லாரும் திரும்பிப் பாத்தோம். அவதான். வெள்ளைத்தாய். கட்டுன தொண்டையோட வாசிச்சேன் தாயி. ஆடு கெடைக்கிற வரைக்கும் வாசிச்சேன்... ஏன், என்ன ஆச்சு? நீ எதுக்கு அழுகுற?

வேல்விழி: அழுகல. தூசி... அலமாரி தொடைச்சேன்.

பொன்மணி: நான் பாட்டுக்குக் கண்டதையும் பேசி... சரி, நீ எழுதுறதைப் பாரு. கெழவிக சொன்னதுன்னு எழுதிராத. சிரிப்பாக.

வேல்விழி: ஆட்டுக் கதை, நரி வக்கீல் கதை, குயவர் வீட்டுக் கதை... எல்லாம் எழுதியாச்சு. கேட்டவுக பிடிச்சிருக்குன்னு சொன்னாகன்னு எழுதுறேன். அது உண்மைதான?

பொன்மணி: உண்மைதான். அந்தக் கார்டு?

வேல்விழி: உங்க பேருலயே ஒண்ணு போட்டுத் தாரேன். மாரிக்கனி கார்டும் இருக்கட்டும், அவளுக்குப் பிள்ளை பெறக்கப் போகுதுல்ல... இந்தாங்க, இதை எடுத்துட்டுப் போங்க. ஆத்துல பரிசல் ஓட்டுற பொண்ணு கதை. தீ கெடையாது. முழுசாப் பாத்துட்டேன்.

பொன்மணி: எனக்காகவா படிச்ச?

வேல்விழி: கொஞ்ச நாளாவே பாத்துத்தான் எடுத்து வைக்கிறேன். அந்த ராசா கதை மட்டும் படிக்க நேரம் இல்லாமப் போச்சு.

பொன்மணி: ஏ பிள்ளை... எனக்கே இன்னைக்குத்தான் இதைச் சொல்ல வாய் வந்துச்சு. தீ வேண்டாம்னு உனக்கு யாரு சொன்னா?

வேல்விழி: வெள்ளைத்தாய் எங்க அம்மாக்கா. உங்க வாயால வரட்டும்னுதான் தெரியாத மாதிரிக் கேட்டேன். சித்தி போன பெறகு வீட்டுலயும் பேச்சு இல்ல... இப்பத் தெனமும் சாயந்தரம் வந்து, வேன்ல நீங்க வாசிச்ச கதையை எனக்குச் சொல்லுது. நானும் எதையும் படிக்காத மாதிரி ம் கொட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.