பன்னிரண்டு ரகக் கத்தரி

வெளியில விதைக் கடை போட்டிருக்காங்க, உங்க கண்ணெல்லாம் அங்கதான் இருக்கு. தெரியுது. எந்த ரகம் வாங்கலாம்னுதானே யோசிக்கிறீங்க? அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை கேட்டுட்டுப் போங்க.

வாலாஜாபேட்டையில தணிகாசலம்னு ஒருத்தர். மின்வாரியத்துல இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில தோட்டம் போட்டார். என்ன போட்டார்? கத்தரி. முள்ளுக் கத்தரி, வரிக் கத்தரி, வெள்ளைக் கத்தரி, முழ நீளத்துக்கு ஒரு பச்சைக் கத்தரி... பன்னிரண்டு ரகம். எங்க விதைத் திருவிழா நடந்தாலும் மனுஷன் முதல் ஆளா நிப்பார். நம்ம கேசுதான்!

அவர் மனைவி வேதவல்லி. இவர் காயைப் பறிச்சுக் கொண்டாந்து கொடுப்பார். அந்தம்மா எண்ணெய்க் கத்தரிக்கா பண்ணும், கொத்சு பண்ணும். அவருக்குப் பரிமாறிட்டு, அவர் எழுந்து போன பிறகு சாப்பிடும். நம்ம வீடுகள்ல அதானே வழக்கம்? இப்படியே ஒன்பது வருஷம்.

ஒருநாள் மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம். இறந்தவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைக்கணும் இல்லையா? "வேதாவுக்கு என்ன பிடிக்கும்?"னு சொந்தக்காரங்க கேட்டாங்க. இவர் மாடிக்குப் போய், பன்னிரண்டு செடியிலயும் நல்ல பிஞ்சாப் பார்த்து, கூடை நிறையப் பறிச்சு வந்து வச்சார்.

அந்தம்மாவோட தங்கச்சி சுலோச்சனா கூடையைப் பார்த்துச்சு. அப்புறம் மெதுவா சொல்லிச்சு.

"மாமா... அக்காவுக்குக் கத்தரிக்கா ஆகாது. சின்ன வயசுலயே வாயில பட்டா உடம்பெல்லாம் தடிச்சிடும்."

ஒன்பது வருஷம்... அந்தம்மா ரசமும் ஊறுகாயும் வச்சுத் தின்னுருக்கு. உப்பு பாருங்கன்னு இவர் கையில கரண்டியை நீட்டுனதெல்லாம், தன் நாக்குல வைக்க முடியாததால. இவருக்குத் தெரியவே தெரியாது. ஏன் தெரியல? அந்தம்மாவோட தட்டை இவர் ஒருநாளும் பார்த்ததில்லை!

"அவ எங்கிட்ட ஏம்மா சொல்லல?"ன்னார்.

"நானும் கேட்டேன் மாமா. செடியைக் காட்டி நீங்க சிரிக்கிறப்போ சொல்ல மனசு வரலைன்னு சொன்னா அக்கா."

அப்ப அவளுக்கு எதுதான் பிடிக்கும்னு கேட்டார். வெண்டைக்கான்னு சொல்லிச்சு சுலோச்சனா. வெண்டைக்கா ஐயா... ஒரு தொட்டி போதும். நாப்பத்தஞ்சு நாள்ல காய்ச்சிடும். குழந்தைகூட வளர்த்துடும்!

பையை எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். நுனியை ஒடிச்சுப் பார்த்து வெண்டைக்கா வாங்கணும்ங்கறதுகூட அவருக்குத் தெரியல. கடைக்காரம்மா ஒவ்வொண்ணா ஒடிச்சுக் காட்டினாங்க. அங்கயே நின்னு அழுதுட்டார். மாடியில அவ்வளவு காய் இருக்க, பொண்டாட்டி படையலுக்குக் கடையில வாங்கின காய்.

தணிகாசலம் கெட்டவரா? இல்லைங்க. பாசமில்லாதவரா? அதுவும் இல்லை. நாம எப்படியோ அப்படித்தான் அவரும். மண்ணைப் பார்க்குறோம், வெயிலைப் பார்க்குறோம், எந்தப் பட்டத்துல விதைக்கணும்னு பார்க்குறோம். கூடவே இருக்கிறவங்களுக்கு எது பிடிக்கும்னு மட்டும் கேட்க மாட்டேங்குறோம். நமக்குப் பிடிச்சதைக் கை நிறையக் கொடுத்துட்டு, அதுக்கு அன்புன்னு பேர் வச்சுக்கிறோம்.

விதைக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "உனக்கு என்ன காய் பிடிக்கும்?"னு கேளுங்க. இப்பவே போடுங்க, நான் பேச்சை நிறுத்திக்கிறேன். "எதுனா வாங்கிட்டு வாங்க, உங்க இஷ்டம்"னுதான் சொல்வாங்க. அதை நம்பிட்டு வச்சுடாதீங்க...

இன்னொரு தடவை கேளுங்க.