இடது பக்கம், பதினைந்து நிமிஷம்

ஈசிஜி எடுப்பதில் சிரமமான வேலை எது என்று கேட்டால், ஆளை அசையாமல் படுக்கவைப்பதுதான் என்பேன். மிஷின் பத்து விநாடிதான் கேட்கிறது. அந்தப் பத்து விநாடி சும்மா கிடக்க மனுஷர்களால் முடிவதில்லை. காலை ஆட்டுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், காகிதத்தில் என்ன வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் இந்த வேலை பார்த்தேன். யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. தோளில் லேசாகக் கை வைப்பேன், அடங்கிவிடுவார்கள்.

என் மனைவி அனந்தலக்ஷ்மி மட்டும் அடங்கவில்லை. போன ஆடியில், கர்க்கடக மழையில் ஆரம்பித்தது அவளுக்கு. இடது பக்கம் சரிந்து படுத்தால் நெஞ்சு வலிக்கிறது, துடிப்பு தாறுமாறாகக் குதிக்கிறது என்றாள். எழுந்து உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடப்பாள். திரும்பி வந்து வலது பக்கம் படுப்பாள். தூக்கத்தில் இடது பக்கம் புரண்டுவிடுவாள், மறுபடி எழுந்துகொள்வாள். ஒவ்வொரு தடவையும் கட்டில் கிரீச்சிடும். ஓய்வு பெற்றவனுக்கு மதியத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. எனக்கு எரிச்சல் வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

ஆனாலும் கடமையில் குறை வைக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நானே ஈசிஜி எடுத்தேன். வழக்கம்போல மல்லாக்கப் படுக்கவைத்துத்தான். கோடு சுத்தமாக வந்தது. அவள் தலையைத் தூக்கினாள்.

"ஏன்னா, மல்லாக்கப் படுத்தா வராதுன்னு சொன்னேனே. இடது பக்கம் படுக்கவெச்சு ஒண்ணு எடுங்களேன்."

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த ரேஷ்மி பக்கத்தில் நின்றிருந்தாள். எடுத்துப் பார்க்கலாமே சார் என்று மலையாளத்தில் சொன்னாள். நான் நெஞ்சில் ஒயர் மாட்டிய ஒட்டுகளைப் பிய்த்தேன்.

எங்கள் வலியசாலைத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கு நெஞ்சு வலித்தாலும், டாக்டரிடம் போகும் முன் மணியிடம் காட்டியாச்சா என்றுதான் கேட்பார்கள். மணி என்பது நான், முழுப்பெயர் வெங்கடசுப்ரமணியன். கோயில் வாசலில் நாலு பேர் விசாரித்தபோது, வெறும் வாயு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது வாயுவாகத்தானே இருக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து மகள் ஜானவி போனிலேயே பிடிவாதம் பிடித்து, அம்மாவை ஹரிகுமார் டாக்டரிடம் அனுப்பினாள். நல்ல மனிதர், பொறுமைசாலி. இருபத்துநாலு மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியைக் கட்டச் சொன்னார். எப்படிப் படுத்தால் வலி வருமோ அப்படியே படுங்கள் என்றும், எப்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள் என்றும் சொன்னாராம். சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். இன்றைக்கு இடது பக்கமேதான் படுப்பேன், வந்தால் வரட்டும், பிடிபட்டுவிடும் அல்லவா என்றாள்.

ஒட்டெல்லாம் இடது நெஞ்சில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் அழுந்தினால் கழன்றுவிடும், மறுபடி ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்று நான் விளக்கினேன். ஒயர் விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? வலது பக்கம் படுத்தாள். புரளாமல் இருக்க முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக் கொடுத்தேன். குறிப்புத் தாளை நானே நிரப்பினேன். மதியம் இரண்டேகால் முதல் மூன்று வரை உறக்கம், வலது பக்கம். இரவு பத்து முதல் ஐந்து வரை உறக்கம், வலது பக்கம். எழுத்தில் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

ரிப்போர்ட் நார்மல். அனந்தலக்ஷ்மி அழுதாள். உங்களை வீணாகப் படுத்திவிட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

ரிப்போர்ட் வந்தும் அவளுக்குப் பயம் போகவில்லை. ஒரே பக்கம் படுத்துப் படுத்து வலது தோள் கடுத்தது. இனி இருப்பது பயம் மட்டும்தான், அந்தப் பக்கமே படுத்துப் பழகினால் அதுவும் போய்விடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கம், பதினைந்து நிமிஷம். நான் வாட்சோடு நாற்காலியில் உட்காருவேன். முதல் நாள் நாலு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். ஐந்தாம் நாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தாங்கினாள். வியர்த்தது, ஃபேனைக் கூட்டினேன். எழுந்திருக்கட்டுமா என்று கேட்பாள். தோளில் லேசாகக் கை வைப்பேன்.

"சும்மா கிட, லக்ஷ்மி. ஒண்ணும் ஆகாது."

ஒன்பதாம் நாள் எழுந்திருக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அசையவும் இல்லை. பதினைந்து நிமிஷம் ஆனதும், பார்த்தாயா என்றேன்.

அவளுடைய பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்த ஜானவி அந்தக் குறிப்புத் தாளை எடுத்துவந்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"அப்பா, ஒரு காரியம் கேக்கட்டுமா? இருபத்துநாலு மணிக்கூரும் அம்மாவை வலது பக்கமே படுக்கவெச்சது யாரு?"

நான்தான் என்றேன். ஒட்டுகள் கழலாது. ஹோல்ட்டர் கட்டிய எத்தனையோ பேரிடம், இஷ்டம்போலப் புரளுங்கள் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். லக்ஷ்மி சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் சொன்னது தப்பாகிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

ஹோல்ட்டர் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மதியம், அவள் அசந்து இடது பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன். இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, அவசரமாக மூன்று, பிறகு நீளமாக ஒன்றுமே இல்லை. விழித்துக்கொண்டு, துடிப்பு தாறுமாறாக வருகிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.

இதையும் ஜானவியிடம் சொன்னேன். ஒருவேளை உங்கள் கைக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம் இல்லையா அப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெற்ற பெண், ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்னோடு பேசுவாள். ஆனால் முப்பத்தொரு வருஷ சர்வீஸை அப்படிச் சொல்ல விட முடியுமா? அன்று ஒரு துடிப்பைக்கூட நான் தவறவிடவில்லை.