பெல்டன் கவுண்டியில் கம்பம் நடும் கூட்டத்தில் ஏலக்காரர் ராஸ்கோ பேசியது

அவைத்தலைமை ஏற்று, சிரித்த முகம் காட்டாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கவுண்டி ஆணையர் லவோன் அம்மையார் அவர்களே! ஞாயிறுதோறும் என்னைத் திருத்த முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும் போதகர் ஹெய்ன்ஸ் அவர்களே! சம்பளம் வாங்காமல் தீயணைக்கும் தீரர்களே! மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சுட்டு வைத்த தட்டுகளைத் துணி போர்த்திச் சுமந்து வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் மாட்டுச்சந்தை ஏலக்காரன் ராஸ்கோ டெல்விக்கின் வணக்கம்.

என்ன ஃப்ளாய்ட்? "சுருக்கா முடிய்யா, சாப்பாடு ஆறுது"ங்கிறியா? ஆறட்டும்யா. எனக்கு ரெண்டு நாளா தொண்டைக்குள்ள ஒண்ணும் இறங்கல.

முப்பது வருடம் ஏலம் விட்ட வாய் இது. மூச்சு விடாமல் மணிக்கு நூறு மாடு விற்ற வாய். இன்று உலர்ந்து கிடக்கிறது. காரணத்தைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

எத்தகைய மண், நம் மண்! கிழக்கே ஒட்டர் ஓடை, மேற்கே களிமண் குன்று, நடுவே காற்று, காற்று, காற்றைத் தவிர வேறில்லை! நம் கவுண்டி, இந்த மாவட்டம், ஆயிரத்து எண்ணூறு சதுர மைல். அளந்தவர் கயிறு பிடித்து அளந்தார். மைலுக்கு ஒரு சாலை, சாலைக்கு ஒரு மூலை, எந்த மூலையில் நின்றாலும் இன்னொரு மூலை போலவே இருக்கும். இந்தப் பரப்பில் நாம் எத்தனை பேர்? எல்லைப் பலகை சொல்கிறது, ஆயிரத்து முப்பத்தெட்டு என்று. மாடுகள் அறுபதாயிரம். இங்கே தேர்தலில் மாடுகள் நின்றால் லவோன் அம்மையார் வைப்புத்தொகையை இழப்பார்.

ஒரு காலத்தில் இங்கே நாலாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள். ஐந்து வருடம் குடியிருந்து உழுது காட்டினால் நூற்றறுபது ஏக்கர் உனக்கே என்றது அமெரிக்க அரசு. அதற்கு முன் இங்கே இருந்த பழங்குடிகளை எப்படி வெளியேற்றினோம் என்பதை நாம் மேடையில் பேசுவதில்லை, பேச வேண்டும். நார்வேயிலிருந்து வந்தார்கள், ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், போஹீமியாவிலிருந்து வந்தார்கள். வந்து உழுதார்கள். வானம் பொய்த்தது, வங்கி பொய்த்தது, பகலை இருட்டாக்கிக்கொண்டு புழுதி வந்தது. போகும்போது எதைக் கொண்டு போனார்கள்? அடுப்பைக் கொண்டு போனார்கள், ஏரைக் கொண்டு போனார்கள், பிள்ளைகளைக் கொண்டு போனார்கள். எதை விட்டுப் போனார்கள்? பேரை விட்டுப் போனார்கள்!

நான் குடியிருப்பது எங்கே? பழைய கோவாரிக் இடத்தில். கோவாரிக்கை நான் பார்த்திருக்கிறேனா? என் அப்பாகூடப் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் வரி கட்டியிருக்கிறேன், கூரை மாற்றியிருக்கிறேன், இன்னும் அது என் வீடு இல்லை. நான் செத்த பிறகுதான் அது பழைய டெல்விக் இடம் ஆகும். சிரிக்கிறீர்கள். உங்கள் வீடும் அப்படித்தானே?

இனிமேல் சிரிக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் இதே அரங்கத்தில், இந்தக் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, ஒரு கூட்டம் நடந்தது. வீட்டுக்கொரு பச்சைக் கம்பம், கம்பத்துக்கொரு எண், அதுவும் சாலை மைலைக் கணக்கிட்ட ஐந்திலக்க எண், வண்டிப்பாதை முனையில் நட வேண்டும் என்றார்கள். நானூற்றுப் பதினொரு கம்பங்கள் வந்தும் இறங்கிவிட்டன. அன்று எழுந்து நின்றவன் யார்? நான். என்ன சொன்னேன்?

"காதுல நம்பர் குத்துறது மாட்டுக்குய்யா! மனுசனுக்குப் பேர் இருக்கு. என் வீட்டுக்கு வழி தெரியாதவனுக்கு என் வீட்டுல என்ன வேலை?"

நீங்கள் காலைத் தரையில் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தீர்கள். தீர்மானம் தோற்றது. கம்பங்கள் சாலைத் துறைக் கொட்டகைக்குப் போயின. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மார்ச் மாதம், கன்று ஈனும் காலம். ஆர்னி ஹோல்ம் கொட்டகையில் கன்றை இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் மனைவி வெர்னா போனை எடுத்தார். வழக்கமாக நம் அவசர அழைப்பு மேசையில் யார் இருப்பார்? டார்லீன். "பழைய சோரன்சன் இடம்" என்றால் டார்லீனுக்கு அந்த வீட்டு நாயின் பெயர்கூடத் தெரியும். அன்று டார்லீனுக்குக் காய்ச்சல். நம் ஆம்புலன்ஸோ வேறொருவரை ஏற்றிக்கொண்டு தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குப் போயிருந்தது. அழைப்பு அடுத்த கவுண்டிக்குப் போனது. அந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஷெரிஃப் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா."

"நம்பரா? நம்பர்லாம் கிடையாதும்மா. பழைய சோரன்சன் இடம்னு சொல்லு, எல்லாருக்கும் தெரியும்."

"சோரன்சன் உங்க வீட்டுக்காரராம்மா?"

"அய்யோ, அவங்க போய் எம்பது வருசம் ஆச்சு! எரிஞ்ச பள்ளிக்கூடத்துல இடது பக்கம் திரும்பச் சொல்லும்மா, சீக்கிரம்!"

அந்தப் பெண் என்ன செய்வாள்? ஓட்டுநர் என்ன செய்வார்? எரிந்த பள்ளிக்கூடத்தைத் தேடினார். அது எரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில்! ஒரு செங்கல் இருக்கிறதா? ஒரு கரித்துண்டு இருக்கிறதா? புல் இருக்கிறது, நம் மனதில் மட்டும் பள்ளிக்கூடம் இருக்கிறது. பனியில், மூலைக்கு மூலை, ஐம்பத்திரண்டு நிமிடம் அந்த வண்டி அலைந்தது. அவர்கள் வந்தபோது ஆர்னியின் தலை வெர்னாவின் மடியில் இருந்தது. உயிர் இல்லை.

"விதிப்பா"ன்னு யாரோ சொல்றீங்க. விதியாவது, வெங்காயமாவது! அன்னைக்கு இந்த மைக்ல பேசினது விதியா? நான்தானே பேசினேன்!

பழங்கதைக்காக உங்களைக் கூப்பிடவில்லை. ஜனவரி முதல் தேதி டார்லீன் ஓய்வு பெறுகிறார். நம் ஆம்புலன்ஸ் ஓட்ட இருவர்தான் மிச்சம். அதில் ஒருவருக்குக் கண் புரை. ஆகவே மேசையும் வண்டியும் இரண்டுமே அடுத்த கவுண்டிக்குப் போகின்றன. அன்றிலிருந்து நாம் கூப்பிட்டால் எடுப்பவர் நம்மை அறியாதவர். வருபவர் நம் சாலையைப் பாராதவர். கோவாரிக் யார், சோரன்சன் யார், அவருக்கு என்ன தெரியும்?

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் ப்ரிட்டாவுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் பிரசவம். அவள் வீடு களிமண் குன்றின் அடிவாரத்தில், பழைய ப்ரெக்கே இடம். முதல் தடவை குழந்தை தங்கவில்லை; ரத்தப்போக்கில் அவளே பிழைத்தது பெரிய விஷயம். நேற்று அவளிடம் கேட்டேன், "கண்ணு, வலி எடுத்தா போன்ல என்னன்னு சொல்லுவ?" அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பழைய ப்ரெக்கே இடம்னு சொல்லுவேன்பா. வேற என்ன சொல்ல?" அவளுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்தவன் நான்.

"பனிக்காலம் போகட்டும், ஏப்ரல்ல நடலாம்"னு முணுமுணுக்கிறது யாரு? பெர்னியா? ஏப்ரல் வரைக்கும் யாருக்கும் நெஞ்சு வலிக்காதுன்னு எழுதிக் குடுப்பியா? இன்னும் பத்து நாளில் தரை உறைந்துவிடும். உறைந்த தரையில் மண்வெட்டி இறங்காது; உங்களுக்கே தெரியும். ஆணையர் குழு நேற்று அனுமதி கொடுத்துவிட்டது. கம்பங்கள் அத்தனையும் வாசலில் என் டிரெய்லரில் இருக்கின்றன. நட ஆள்தான் வேண்டும்.

வியாழக்கிழமை வெர்னா வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் பேசிய பேச்சையும், இன்று பேசப்போவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தாமல் என்ன செய்வார்? ஆனாலும் இன்று வந்திருக்கிறார், அதோ, கதவோரம்...

என்ன வெர்னா? ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, நான் இங்கயேதான் நிக்கிறேன்.

...

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. வெர்னா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "காலையிலயே குழி தோண்டிட்டேன் ராஸ்கோ. என் கம்பம் எங்க?"

இதோ, வெர்னா. உங்கள் எண் இருபதாயிரத்து நானூற்றுப் பதினேழு. உங்கள் கம்பத்தை நானே தூக்கி வருகிறேன், விடுவீர்களானால்.

இதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியவில்லை. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கேட்கும் நிலையில் இல்லாமல் போன ஆர்னிக்கும் என் நன்றி. தலைவர் அவர்களே, கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். தரை உறைவதற்குள் மண் தோண்ட வேண்டும். வணக்கம்.