ராகு காலத்தில் மதுரைக்குப் போன கணையம்

அவைத்தலைவர் உடையப்பன் அவர்களே! டாக்டர் தேனம்மை அவர்களே! குன்றக்குடியிலிருந்தும் நாச்சியாபுரத்திலிருந்தும் வந்து கல்லலைக் கலகலக்க வைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பார்வையைப் பந்தல் காப்பியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி ஊழியனாகிய இந்த வீரணன், முதல் ஆபரேஷனில் கத்தியைக் கண்டதுமே மயங்கி விழுந்தவன். நோயாளிக்கு முன்னால் எனக்குக் கட்டில் போட்டார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்!

கணையம் எங்கே இருக்கிறது? வாத்தியாரைக் கண்ட நான் மாதிரி, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே புற்று புகுந்தால் யாருக்குத் தெரியும்? முற்றிய பிறகுதான் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அந்தக் கள்ளனின் கால்தடத்தைத்தான் டாக்டரம்மா தேடுகிறார். அறுத்தெடுத்த சதையை மதுரையில் அரைத்து, அதிலுள்ள புரதங்களை 'ஜெல்' என்கிற கூழ்ப்பலகையில் மின்சாரத்தால் ஓடவிடுவார். சாயம் ஏற்றினால் நீல நீலக் கோடுகள்! நல்ல சதைக்கு ஒரு கோலம், நோய்ச் சதைக்கு வேறு கோலம். ஆனால் பனிக்கட்டியில் பறந்து போகவேண்டும். தாமதித்தால் புரதம் பாழ்!

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. மலையாண்டி அண்ணனின் கணையப் புற்று ஆபரேஷன் முடிந்து, அவர் சதை வைத்த பனிக்கட்டிப் பெட்டியோடு நான் மதுரைக்குக் கிளம்புகிறேன். அவர் மனைவி வீரலட்சுமி அக்கா வாசலை மறித்தார்.

"ராகு காலத்துல எங்குட்டுப் போறீக? பன்னெண்டு வரைக்கும் நில்லுங்க."

"அக்கா, காலையில நல்ல நேரத்துலயே அண்ணன் சட்டைய எதுத்த டீக்கடையில பரஸ்தானமா வச்சாச்சு. பயணம் அப்பவே கிளம்பிருச்சு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஓடுங்க தம்பி!"

பொய்யா என்கிறீர்களா? டீக்கடை மருது அதோ முன்வரிசையில். சட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை!

அண்ணனின் கோலத்தில், நல்ல சதையில் இல்லாத ஒரு தடித்த கோடு தெரிந்தது. "ஒருத்தர் கோட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நூறு பேராவது வேணும்" என்றார் டாக்டரம்மா. மூன்றாம் மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். பதினாறு கழிந்ததும் அக்கா கேட்டார்:

"நூறு ஆயிருச்சா?"

"பதினொண்ணுதான்க்கா."

"அப்பறம் ஏன் ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருக்கீக? ஊருக்குள்ள போயிக் கேளுங்க!"

கேட்கிறேன்! காசு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. கத்தி பட்ட பின் குழியில் எறியும் நகமளவுச் சதையைக் கேட்கிறேன்! நாளை நம் வீட்டில் ஒருவருக்குக் கணையத்தில் ஆபரேஷன் என்றால், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இன்றே ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாதா? என் வகுப்புத்தோழர் நீங்கள், கைநாட்டு வையுங்கள்!

அதோ, தாய்மார்கள் எழுந்து வருகிறார்கள்! வாருங்கள் அம்மா, வாருங்கள்! பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன்.

கையெழுத்திட வந்த அம்மாவுக்கு என் நாற்காலியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் இப்போது தரையிலிருந்து பேசுகிறேன். வணக்கம்.